காய் பார்க்காத பூ

அந்த ரீச்சர் என்னிடம் முதன்முதலாகச் சொன்னது, "காலை எடும்" என்பதுதான். நீர் யார், எங்கே இருந்து வாறீர் என்ற விசாரிப்பு ஒன்றும் இல்லை. நானோ அவருடைய உயிரைக் காப்பாற்ற ஓடி வந்தவன்.

பள்ளிக்கூடங்களை அரசாங்கம் கையேற்ற புதிதில் என்னைக் கணக்கு வாத்தியாராகத் தீவுப்பகுதிக்குத் தூக்கிப் போட்டிருந்தார்கள். யாழ்ப்பாணப் பட்டினத்துச் சைவப்பழம் நான். புதுச் சைக்கிள், புதுச் சப்பாத்து, நெற்றியில் மூன்று குறி. தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அல்லைப்பிட்டிக்கும் மண்கும்பானுக்கும் இடையே கடற்கரையோரமாகச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். மணலில் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். பக்கத்தில் ஒரு கறுப்புக் குடை கவிழ்ந்து கிடந்தது. ஐயோ, யாரோ மயங்கி விழுந்துவிட்டாள் என்று சைக்கிளைப் போட்டுவிட்டு, "தங்கச்சி! தங்கச்சி!" என்று கத்தியபடி ஓடினேன்.

தங்கச்சி தலையை நிமிர்த்தினார். எனக்கு அக்கா வயது. கழுத்தில் செபமாலை, அதோடு ஒரு கறுப்பு நூலில் பூதக்கண்ணாடி.

"காலை எடும்" என்றார்.

எடுத்தேன். சப்பாத்துக்குக் கீழே பச்சையாக ஏதோ நசிந்து கிடந்தது.

"அது என்ன?" என்று கேட்டேன்.

"அதைத்தான் நானும் பாத்துக்கொண்டு கிடந்தனான். காய் பிடிக்கிற நேரம். இனி அடுத்த மாரிக்குத்தான்" என்று எழுந்து சீலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனால், எனக்கு ஒதுக்கிய கதிரைக்கு நேர் எதிர்க் கதிரையில் அவர் இருக்கிறார். சயன்ஸ் ரீச்சர். என்னைக் கண்டதும் முதலில் என் சப்பாத்தைத்தான் பார்த்தார்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொல்வதென்றால் அதைப் பூவாகவும் காயாகவும் விதையாகவும் பார்த்திருக்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். அவரை அப்படி முழுதாகப் பார்த்தவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பூவில் மட்டுமென்றால் பரவாயில்லை. எதைக் கேட்டாலும் மனிசி இதே கதைதான். "ரீச்சர், மழை வருமோ?" என்று கேட்டால், "வந்தாப்பிறகு சொல்லுறன்" என்பார். புதுத் தலைமை ஆசிரியர் எப்படி என்று கேட்டால், "ஒரு சோதினைக் காலம் போகட்டும்." பிறந்த குழந்தை யாரைப் போல என்று எல்லோரும் சண்டை பிடிக்கும்போது, "பல்லு முளைக்கட்டும்" என்பார். தனக்கு வந்த மாப்பிள்ளைகளையும் இப்படித்தான் அனுப்பினாராம். ஒருவர் மாரியில் வந்தாராம். நல்ல மனிசர்தான், ஆனால் கோடை வெக்கையில் எப்படி இருப்பார் என்று தெரியவில்லையே என்று இவர் சொல்ல, வந்தவர் தேநீரையும் முடிக்காமல் எழுந்து போய்விட்டாராம். அவருடைய தகப்பனார் நாரந்தனையில் வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்தவர். "உனக்கு மாப்பிளை பிடிக்கிறதிலும் பாக்கத் திமிங்கிலம் பிடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

எனக்கு அவரில் ஒரு இது வந்துவிட்டது. காதல் என்று சொன்னால் என் மனைவி இதைப் படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பாள். ஆகவே, ஒரு இது. அந்த இதுவின் காரணமாக எனக்குத் திடீரென்று காட்டுப்பூக்களில் பெரிய ஈடுபாடு இருப்பதாக ஆசிரியர் அறையில் அறிவித்தேன். எனக்குத் தெரிந்த பூக்கள் செவ்வரத்தையும் கனகாம்பரமும். இரண்டையும் அம்மா வளவில் நட்டிருந்தா.

"அப்ப சனிக்கிழமையள்ளை வாரும்" என்றார். "ஆனால் சப்பாத்துப் போடாமல் வாரும்."

போனேன். அவர் குடையோடு முன்னால் நடப்பார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு, ஊர்ச்சனம் கதை கட்டாத அளவு என்று நானே தீர்மானித்த இடைவெளி விட்டுப் பின்னால் போவேன். கோடையில் எருக்கலையும் ஆவரசும்தான். சோளகக் காற்று வாயில் மண்ணை அள்ளிப் போடும். அவரோ ஒரு எருக்கலைக்கு முன்னால் குந்தியிருந்து எறும்பு போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நெருஞ்சியை மட்டும் நான் நேரத்தோடு அடையாளம் கண்டேன். நான் என்ன கண்டது, என் சைக்கிள் ரியூப் கண்டது. ஐப்பசி மழை விழுந்தால் நிலமெல்லாம் தும்பை. குளங்களில் கொட்டியும் அல்லியும் வரும். அவர் சீலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிடுவார். நான் கரையில் நின்று தும்முவேன். பூக்களின் பக்கத்தில் போனால் தும்முகிறவன் என்பதும் அந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது.

தெரியாது என்று சொல்லப் பழகாத வாய் என்னுடையது. நீலமாக எதைக் கண்டாலும், "விஷ்ணுகிராந்தி" என்பேன். எங்கள் ஊரில் குருக்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் பார்த்த பெயர் அது. அவர் சிரிக்கமாட்டார். "இலையைப் பாரும்" என்பார். பார்ப்பேன். எனக்கு எல்லா இலையும் இலையாகத்தான் தெரிந்தது.

ஒரு பூவைப் பிடுங்கமாட்டார். "புடுங்கினால் பிறகு காயை எங்கை போய்ப் பாக்கிறது?" என்பார். பார்த்து முடியாத செடியைச் சுற்றிச் சிப்பி பொறுக்கி வட்டமாக அடுக்கிவிட்டு வருவார். அடுத்த பருவத்தில் தேடிவர அடையாளம்.

மார்கழியில் அந்தக் கடற்கரைக்கே திரும்பப் போனோம். ஒரு தாழம்பற்றைக்குப் பக்கத்தில், மணல்மேட்டில், விரல் உயரத்துக்கு ஒரு செடி. நீலப் பூ. வெயில் ஏற முதல் விரிந்து, ஏறியதும் மூடிக்கொண்டது.

"விஷ்ணுகிராந்தி" என்றேன்.

"போன மாரி நீர் உழக்கினது இதுதான்" என்றார். "இந்தத் தீவிலை வேறை எங்கையும் நான் இதைக் காணேல்லை. இந்த முறை காய் பாக்காமல் விடமாட்டன்."

அன்றைக்கு வைத்தது சாதாரண வட்டம் இல்லை. வெள்ளைச் சிப்பிகளாகப் பார்த்துப் பொறுக்கி, வாய்க்கு வாய் பொருத்தி, வடிவாக அடுக்கினார். "ஆடு மாடு இதை மதிக்குமோ ரீச்சர்?" என்று கேட்டேன்.

"ஆடு மாட்டுக்கில்லை. உம்மைப் போலை ஆக்களுக்கு" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அந்த வட்டத்துக்கு வெளியே ஒரு மெழுகுதிரி எரிந்து முடிந்த அடையாளம் இருந்தது. அதற்கடுத்த கிழமை பனையீர்க்கில் கட்டிய சின்னக் குருசு. எங்கள் ஆராய்ச்சியை ஊர்ச்சனம் மெச்சுகிறது என்று எனக்குப் பெருமையும் புளுகமுமாக இருந்தது. ரீச்சர் முகத்தைச் சுளித்தார். "சூடு பட்டால் கருகிப்போம்" என்று உருகிக் கிடந்த மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்தார். வேதக்காரப் பெண், அந்த ஊர்ப் பழக்கமெல்லாம் தெரிந்தவர். ஆனால் செடியைப் பார்த்த கண்ணுக்கு வட்டம் தெரியவில்லை.

எனக்கு விளங்கவைத்தது நான் தங்கியிருந்த வீட்டுக்கார அக்கா. அல்லைப்பிட்டியில் மீன்பிடிக் குடும்பம். வந்த மாதத்தில் மீன்சட்டி வைத்த அடுப்பில் எனக்குச் சோறு வேண்டாம் என்று சொன்னவன், மூன்றாம் மாதம் அக்காவின் மீன்குழம்பைச் சட்டியோடு வழித்துத் தின்றுகொண்டிருந்தேன். அந்த உரிமையில் அக்கா ஒருநாள் குசினி வாசலில் நின்று கேட்டார்.

"மாஸ்ரர், உங்களை நல்ல பிள்ளையெண்டு நினைச்சன்."

"ஏன் அக்கா, என்ன?"

"ஞானஸ்நானம் குடுக்க முதல் செத்த பிள்ளையைச் கோவில் சேமக்காலையிலை புதைக்க விடாயினம். ஆம்பிளையள்தான் கொண்டுபோய்க் கடற்கரையிலை எங்கையாவது தாட்டுப்போட்டு வாறவை. மனமிருந்தால் சுத்திச் சிப்பி வைக்கிறது. கலியாணம் முடிக்காத ரீச்சர் கிழமைக்குக் கிழமை அதிலை போய் முழந்தாளிலை நிக்கிறா. நீங்கள் பின்னாலை சைக்கிளோடை நிக்கிறியள். சனம் என்னெண்டு நினைக்கும்?"

கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்கால் தப்பப் பார்த்தேன். "ஐயோ அக்கா, நான் இந்தத் தீவுக்கு வந்ததே தை மாதம்தானே!"

அக்கா விரலை மடக்கி மடக்கி எண்ணினார். மார்கழியில் வந்து நின்று, "பத்து மாசத்துக்குக் காணும்" என்றார்.

அதற்குப் பிறகு ஊர் ஒரு கிழமையில் தீப்பிடித்தது. ரீச்சரின் வகுப்பில் பெண்பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகள் வெறுமையாகின. அவருடைய தகப்பனார் கோவிலுக்குப் போவதை நிறுத்தினார். வேலை போய்விடும் என்று ஆசிரியர் அறையில் குசுகுசுத்தார்கள். ஊர்த் தலைவரான விதானையாருக்கு இதைவிடப் பெரிய விஷயம் அந்த வருடம் கிடைக்கவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு பங்குச் சுவாமியையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட விறாந்தைக்கே வந்துவிட்டார்.

"இதென்ன பெரிய வேலையே. மம்பட்டியாலை நாலு வெட்டு. கிண்டிப் பாத்தால் முடிஞ்சுது" என்றார் விதானையார்.

"கிண்டேலாது" என்றார் ரீச்சர்.

"ஏன்?"

"பூ இப்பதான் வாடியிருக்குது. காய் பிடிக்கிற நேரம். கிண்டினால் செடி செத்துப்போம். மாசி வரைக்கும் பொறுங்கோ, பிறகு நானே கிண்டித் தாறன்."

சுவாமி வயதான மனிதர். பாவம், அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "பிள்ளை, உன்ரை மானமெல்லோ போகுது" என்றார்.

"சுவாமி, என்ரை மானம் மாசி வரைக்கும் நிக்கும். செடி நிக்காது."

விதானையார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் இருந்த இலங்கைப் படத்தில் மன்னாரை ஆராய்ந்தேன்.

அன்று பின்னேரம் எனக்குள் ஒரு வீரன் எழுந்தான். இந்தப் பெண்ணைக் காப்பாற்றக்கூடியவன் நான் ஒருவன்தான் என்று தோன்றியது. குளித்தேன். வேட்டி கட்டினேன். விபூதி பூசினேன், பிறகு வேதக்காரர் வீட்டுக்கல்லவா போகிறோம் என்று பாதியை அழித்தேன், பிறகு கோழை என்று என்னையே திட்டிக்கொண்டு திரும்பப் பூசினேன். அம்மா கேள்விப்பட்டால் கிணற்றைத்தான் தேடுவா. தேடட்டும். வழி நெடுகப் பேச்சைப் பாடமாக்கிக்கொண்டு நாரந்தனைக்குச் சைக்கிள் மிதித்தேன்.

ரீச்சர் வாசலில் நின்றே கேட்டார். "என்ன மாஸ்ரர்?"

பாடமாக்கியது மறந்துபோனது. "நான் உங்களைக் கலியாணம் செய்யிறன்" என்றேன்.

"எதுக்கு?"

"உங்கடை பேரைக் காப்பாத்த."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இப்ப நீர் என்னைக் கட்டினால், பிள்ளையின்ரை தேப்பன் ஆரெண்டு சனத்துக்கு இருக்கிற சந்தேகமும் தீந்துபோம்" என்றார்.

இந்தக் கோணத்தை நான் பார்த்திருக்கவில்லை.

"குறை நினையாதையும்" என்றார் பிறகு, மெதுவாக. "நீர் நல்ல பெடியன் மாதிரித்தான் தெரியுது. ஆனால் உம்மை நான் ஒரு வருசம்தான் பாத்திருக்கிறன். இன்னும் காய் பாக்கேல்லை."

திரும்பி வரும் வழியில் எனக்கு அழுகை வந்தது. கூடவே, அம்மாவுக்குக் கிணறு தேவைப்படாது என்ற நிம்மதியும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததுதான் எனக்குப் பெரிய அவமானம்.

கடைசியில் அக்காவின் புருஷன்தான் ஒரு வழி சொன்னார். நான் அண்ணை என்று கூப்பிடும், அதிகம் வாய் திறக்காத மனிசன். கடற்கரைக்காரர் ஆமை முட்டை தேட ஒரு நீளக் கம்பி வைத்திருப்பார்கள். மணலில் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். கீழே கலைந்த மண் என்றால் கம்பி வழுவழுவென்று இறங்கும். அந்தக் கம்பியால் குத்திப் பார்த்தால் செடிக்கும் சேதமில்லை என்றார். ரீச்சரும் சம்மதித்தார். வாடைக் காற்று வீசிய ஒரு காலையில் ஊரே மணல்மேட்டில் கூடிவிட்டது.

அண்ணை கம்பியோடு வட்டத்தைச் சுற்றிக் குத்திக்கொண்டு வந்தார். செடிக்குப் பக்கத்தில் சரித்துக் குத்தினார். ஒவ்வொரு முறையும் கம்பி கொஞ்சம் இறங்கி, 'ணங்' என்று நின்றது.

"ஒண்டுமில்லை" என்றார். "ஒரு முழத்துக்குக் கீழை முருகைக்கல்லு. இதிலை பூனைக்குட்டியும் புதைக்கேலாது."

சுவாமி பெருமூச்சு விட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். விதானையார் முகம் தொங்கிப்போய்க் கோட்டைக் கழற்றினார். சனம் சிரித்தது. ரீச்சரின் தகப்பனார் மகளின் குடையை வாங்கி அவர் தலைக்கு மேல் பிடித்தார். நான் விஞ்ஞானத்தின் வெற்றியைப் பற்றி ஒரு சொற்பொழிவைத் தொடங்கினேன். இரண்டாவது வசனத்தில் நிமிர்ந்து பார்த்தபோது கேட்க ஆளில்லை, எல்லோரும் கலைந்துகொண்டிருந்தார்கள்.

அக்கா மட்டும் போகவில்லை. கையில் ஒரு மெழுகுதிரி.

"அப்ப இதிலை ஒருத்தரும் இல்லையோ ரீச்சர்?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை கிழமையும் மெழுகுதிரி கொளுத்தியது அக்கா.

"என்ரை மூத்தது பிறந்த உடனையே போய்ச் சேந்திட்டுது" என்றார் அக்கா. "இவர் கொண்டுபோய்த் தாட்டவர். எங்கையெண்டு இண்டை வரைக்கும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. இந்தச் சிப்பியைக் கண்ட உடனை, அது ஆற்ரை பிள்ளையா இருந்தாலும் என்ரை பிள்ளைக்கும் சேத்துக் கொளுத்துவம் எண்டு வந்தனான். பிறகு பிறகு, இதிலைதான் கிடக்குது எண்டே மனம் சொல்லத் தொடங்கிட்டுது."

அண்ணை கம்பியை ஊன்றிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார். அவருடைய முதுகு மட்டும் ஆடியது.

ரீச்சர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். காணாததைச் சொல்லேலாது என்பார். இங்கே கல்தான் இருக்கிறது என்று கம்பி சொல்லிவிட்டது, ஊரே கேட்டது. பாவி மனிசி, இன்றைக்காவது வாயை மூடிக்கொண்டு இரு என்று நான் என் கடவுளையும் அவருடைய கடவுளையும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

ரீச்சர் மணலில் குந்தினார். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பக்கத்தில் இருத்தினார்.

"இஞ்சைதான் கிடக்குது" என்றார்.

"நிச்சயமோ ரீச்சர்?"

"நிச்சயம்."

அந்தச் சொல்லை அவர் வாயில் அதற்கு முன் நான் கேட்டதில்லை. அக்கா மெழுகுதிரியைக் கொளுத்தினார். வாடை அணைத்தது. திரும்பக் கொளுத்தினார், திரும்ப அணைந்தது. அந்த மேட்டில் காற்றுப் படாத இடம் ஒன்றுதான் இருந்தது, தாழம்பற்றையின் மறைவில், அந்தச் செடியின் அடி. ரீச்சர் தன் கையாலேயே மெழுகுதிரியை வாங்கி வட்டத்துக்குள், செடியின் அடியில் நட்டுக் கொளுத்தினார். சுவாலை நேராக நின்றது. மேலே இருந்த இலை முதலில் சுருண்டது.

நான் வெட்கமில்லாமல் அழுதேன். கண் துடைக்க லேஞ்சியைத் தேடினால் அதைச் சைக்கிள் துடைக்கப் பாவித்திருந்தேன். முகமெல்லாம் கிறீஸ்.

வீடு திரும்பும்போது என்னால் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. "ரீச்சர், பாக்காமல் சொல்லிப்போட்டியளே" என்றேன்.

"ஓம்" என்றார். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "அந்தச் செடியை விஷ்ணுகிராந்தியெண்டே வைச்சுக்கொள்ளும்" என்றார். குடையைத் தாழ்த்திப் பிடித்திருந்தார். முகம் தெரியவில்லை.

அந்த மாசியில் அங்கே செடி இல்லை, மெழுகுதான் இருந்தது. வேறு பெண்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வருடம் ரீச்சருக்கு மன்னாருக்கு மாற்றம் வந்தது. அந்தப் பக்கத்திலேயே கடைசி வரைக்கும் இருந்து, தனியாகவே செத்துப்போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் பட்டினத்துக்குத் திரும்பி அம்மா காட்டிய பெண்ணைக் கட்டினேன். பெண் பார்க்கப் போன அன்றைக்கே என்னை முழுதாக அடையாளம் கண்டுவிட்டதாக அவள் இன்றும் சொல்லுவாள். அவளுக்குப் பருவமெல்லாம் தேவைப்படவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த அண்ணையின் செத்தவீட்டுக்காக அல்லைப்பிட்டிக்குப் போனேன். மாசி மாதம். திரும்பும்போது கால் தானாகக் கடற்கரைப் பக்கம் போனது. மணல்மேடு முழுக்கச் சிப்பி வட்டங்கள். சிறிதும் பெரிதுமாக, சிலவற்றில் குருசு, சிலவற்றில் ஒரு பொம்மை. நாலைந்து பெண்கள் மெழுகுதிரியோடு குந்தியிருந்தார்கள். இங்கே ஒருத்தரும் இல்லை, கல்தான் இருக்கிறது, கம்பி குத்தியபோது நான் பக்கத்தில் நின்றவன் என்று சொல்ல என் வாய் துடித்தது. வாழ்நாளில் முதல்தடவையாக அதை மூடிக்கொண்டேன். ரீச்சர் இதையெல்லாம் பார்க்கவில்லையே. தாழம்பற்றை எந்தப் பக்கம் இருந்தது என்று தேடிக்கொண்டு நடந்தேன்.

"ஐயா, காலை எடுங்கோ" என்றாள் ஒரு இளம்பெண். "பிள்ளையள் கிடக்குதுகள்."

பதறிப்போய் எடுத்தேன். ஒரு வட்டத்துக்குள் சப்பாத்தை வைத்திருந்தேன். குனிந்து கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தேன். விரல் உயரத்துக்கு ஒரு செடி, முறிந்து கிடந்தது. பூ முடிந்து போயிருந்தது. நுனியில் இருந்தது காய்தான். அது எப்படிப்பட்ட காய் என்று சொல்ல முடியாதபடி என் சப்பாத்து அதை நசித்துவிட்டிருந்தது.

இனி அடுத்த மாரிக்குத்தான்.